எட்டுப் பேர் போன ஒரு நாள்

மும்பை சீத்தா கேம்ப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை இரண்டு வகை: ஊருக்குப் போகிற விடுமுறை, போகாத விடுமுறை. நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைத்து, கையில் காசும் இருந்தால் திருநெல்வேலிப் பக்கம் போய் ஆச்சி வீட்டில் ஒரு மாதம் கிடக்கலாம். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் மே மாதம் முழுக்கத் தகரக் கூரைக்குக் கீழேதான். போகாத வருடத்துக்கு ஈடாகப் பெற்றோர் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக் கொடுத்தார்கள். காலையில் ராணிபாக் மிருகக்காட்சிசாலை, மத்தியானம் மீன்காட்சி, சாயங்காலம் சௌபாத்திக் கடற்கரையில் குல்ஃபி. அந்த ஒரு நாள் எப்படியெல்லாம் மாறியிருக்கிறது என்று பார்த்தால், உழைத்துப் பிழைக்கும் ஒரு குடும்பத்துக்கு மும்பை எவ்வளவு இடம் விட்டுவைத்திருக்கிறது என்பது புரிந்துவிடும்.

அந்த நாளின் அருமை தெரிய, சீத்தா கேம்ப் உண்டான கதையும் தெரிய வேண்டும். இங்கே வந்தவர்களில் யாரும் விரும்பி வரவில்லை. பக்கத்தில் ஜனதா காலனி என்ற பெரிய குடியிருப்பு இருந்தது. பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்கு அந்த நிலம் வேண்டும் என்று, 1976-இல், நெருக்கடி நிலை நடப்பில் இருந்தபோது, ஏறத்தாழ 70,000 பேரைப் பெயர்த்து டிராம்பே கழியோரச் சதுப்பில் கொண்டுவந்து விட்டார்கள். அதை எதிர்த்துப் பல வருடம் போராடிய ஜோக்கின் அற்புதம் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். குடிசைவாழ் மக்களின் தேசிய அமைப்பைக் கட்டிய அவர் 2000-இல் மகசேசே விருது பெற்றார். சேற்றில் மண்ணைக் கொட்டி மேடாக்கி, சின்னச் சின்ன மனைகளில் வீடு போட்டுக்கொண்ட மக்களுக்கு மைதானம், பூங்கா என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. பிள்ளைகளுக்கு மரத்தையும் மிருகத்தையும் காட்ட வேண்டுமென்றால் ரயில் ஏறித்தான் ஆக வேண்டும்.

ராணிபாக் போகும் நாளில் வீடு விடியுமுன்னே எழுந்துவிடும். எலுமிச்சைச் சோறு, புளிச்சோறு, உருளைக்கிழங்குப் பொரியல், பெரிய தண்ணீர்க் கேன். பக்கத்து வீட்டு அத்தையும் அவர் பிள்ளைகளும் சேர்ந்துகொள்வார்கள். மான்குர்டிலோ கோவண்டியிலோ ரயில் ஏறி, குர்லாவில் மாறி, பைகுல்லாவில் இறங்குவோம். பிளாட்பாரத்தில் அம்மாவின் குரல் மட்டும் தனியாகக் கேட்கும்: "ஏளா, தம்பி கையை விட்டுராத!"

1862-இல் விக்டோரியா கார்டன்ஸ் என்று திறந்த அந்தத் தோட்டத்துக்கு இன்று வீரமாதா ஜீஜாபாய் போசலே உத்யான் என்று பெயர். எங்கள் வாயில் அது எப்போதும் ராணிபாக்தான். பெரியவர்களுக்கு 5 ரூபாய், சிறியவர்களுக்கு 2 ரூபாய் என்று டிக்கெட் இருந்த நெடுங்காலத்தில், மூன்று பெரியவர்களும் ஐந்து பிள்ளைகளும் 25 ரூபாயில் உள்ளே போய்விடலாம். யானை, நீர்யானை, முதலை, குரங்கு எல்லாம் பார்த்து முடித்து, மரத்தடியில் துணியை விரித்துச் சாப்பிட்டு, அங்கேயே ஒரு தூக்கமும் போடலாம். வெளியே பாவு தாஜி லாட் அருங்காட்சியகத்துப் பக்கம் எலிஃபண்டா தீவிலிருந்து கொண்டுவந்த கல்யானை நிற்கும். உயிருள்ள யானையைப் பார்த்த கண்ணோடு அதையும் பார்ப்போம்.

அந்தக் காலத்தை அப்படியே போற்றிவிடவும் கூடாது. மிருகங்கள் நெருக்கமான இரும்புக் கூண்டுகளில் கிடந்தன. கம்பிக்குப் பின்னால் ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப நடந்த சிங்கத்தைப் பார்த்து நாங்கள் கை தட்டினோம். அது படும் பாட்டை எங்களுக்குச் சொல்லித்தர யாரும் இல்லை. கடைசியாக இருந்த ஜிம்மி என்ற பெண்சிங்கம் 2014-இல் இறந்தபோது அந்தக் காட்சிசாலை சிங்கமே இல்லாத இடமாகிவிட்டது.

மத்தியான வெயிலில் அடுத்த பயணம் மெரீன் டிரைவுக்கு. சர்னி ரோடு நிலையத்துக்கு அருகில் தாராபூர்வாலா மீன்காட்சியகம். பார்சிக் கொடையாளர் ஒருவர் கொடுத்த இரண்டு லட்சத்தையும் சேர்த்துக் கட்டிய அதைக் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் 1951-இல் திறந்துவைத்தார். கண்கூசும் கடற்கரை வெளிச்சத்திலிருந்து அந்த இருட்டுக்குள் நுழைந்ததும் பிள்ளைகளின் பேச்சு தானாக அடங்கும். கண்ணாடித் தொட்டிகளில் கடலாமை, திருக்கை, மின்னும் வண்ண மீன்கள். கழியோரத்தில் குடியிருந்தும் எங்களுக்கு மீன் என்றால் குழம்புக்கு வாங்கும் பொருள்தான். அது நீந்தும்போது எவ்வளவு அழகு என்பதை அங்கேதான் கண்டோம்.

பிறகு குல்ஃபி. சௌபாத்திக்கு எதிரே குல்ஃபியைத் தராசில் நிறுத்து, துண்டு போட்டுக் கொடுக்கும் பழைய கடை இன்றும் இருக்கிறது. அப்பா ஒரு தட்டு வாங்குவார். பிஸ்தாவா மலாயா என்று பிள்ளைகள் சண்டை போட்டு முடிப்பதற்குள் பாதி கரைந்திருக்கும். மிச்சத்தை எல்லோரும் பங்கு போட்டுத் தின்போம்.

ஐஸ்கிரீம் கடையில் உட்கார்ந்து சாப்பிடுவது வருடத்தில் அந்த ஒரு நாள்தான். மற்ற நாட்களில் சந்துக்குள் வருவதுதான் எங்களுக்கு. இரவில் உத்தரப் பிரதேசத்து பையா ஒருவர் சிவப்புத் துணி சுற்றிய பானையைத் தலையில் சுமந்து மணியடித்து வருவார். சுண்டக் காய்ச்சிய பால் தகரக் கூம்புகளில் அடைத்திருக்கும். சுற்றிலும் ஐஸும் உப்பும். உப்பு கலந்த ஐஸ், தண்ணீர் உறையும் நிலைக்கும் கீழே குளிர்ந்துபோகும். மின்சாரம் இல்லாமல் பானைக்குள்ளேயே குல்ஃபி இறுகியது அந்த உப்பால்தான். பகலில் சாயம் ஊற்றிய ஐஸ் உருண்டையான பர்ஃப் கோலாவும் பிளாஸ்டிக் குழாயில் அடைத்த பெப்சி ஐஸும் வரும். எந்தத் தண்ணீரில் செய்தார்களோ என்ற பயம் அம்மாக்களுக்கு எப்போதும் இருந்தது. மஞ்சள்காமாலை வந்த பிள்ளைகளைப் பார்த்தவர்கள் அவர்கள்.

அப்போது இந்தியாவில் ஐஸ்கிரீம் தயாரிப்பு சிறுதொழிலுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. 1997-இல் அந்த ஒதுக்கீடு நீங்கியது. அதற்கு முன்பே பெருநிறுவனங்கள் பழைய பெயர்களை வாங்கத் தொடங்கியிருந்தன. 1996-இல் அமுலும் ஐஸ்கிரீம் விற்க வந்தது. அதன் பலன் இன்று எங்கள் சந்துகளில் தெரிகிறது. மளிகைக் கடைதோறும் கண்ணாடி மூடி போட்ட ஒரு குளிர்பெட்டி. பத்து ரூபாய்க்குக் கப், கோன், குச்சி ஐஸ். தயாரித்த தேதி அச்சிட்ட உறை. ரம்ஜான் மாத இரவுகளில் ஃபலூடாக் கடைகளில் உட்கார இடம் கிடைக்காது. 2025 செப்டம்பரில் ஐஸ்கிரீம் மீதான ஜிஎஸ்டியும் 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. தாய்மார்கள் ஒன்றை மட்டும் கவனித்து வாங்க வேண்டும். பால் கொழுப்பில் செய்தால்தான் சட்டப்படி அது ஐஸ்கிரீம். தாவர எண்ணெயில் செய்தால் உறையில் 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று போட வேண்டும். விலை குறைந்த பலவற்றில் அதுதான் பொடி எழுத்தில் இருக்கிறது. ஆனாலும் பிள்ளை ஆசைப்பட்டபோது அதன் கையில் ஒரு கோன் கொடுக்க முடிகிறது என்பது நல்ல மாற்றம். எங்கள் தலைமுறைக்கு அது வாய்க்கவில்லை.

ஐஸ்கிரீம் இப்படி வாசலுக்கு வந்துசேர்ந்த அதே காலத்தில் மிருகமும் மீனும் எங்களை விட்டுத் தள்ளிப் போயின.

2016-இல் தென்கொரியாவிலிருந்து எட்டு ஹம்போல்ட் பெங்குவின்கள் ராணிபாக்குக்கு வந்தன. 2017 மார்ச்சில் அவற்றை மக்கள் பார்க்கத் திறந்தார்கள். அந்த ஆகஸ்ட் முதல் பெரியவர்களுக்கு டிக்கெட் 50 ரூபாய், சிறியவர்களுக்கு 25. குடும்பத்துக்கு என்று ஒரு சலுகையும் வைத்தார்கள்: தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள், சேர்த்து 100 ரூபாய். முன்பு 25 ரூபாயில் போன அதே எட்டுப் பேர், அத்தையும் கூடுதல் மூன்று பிள்ளைகளுமாக, அந்தக் கட்டணத்தில் போனால் 225 ரூபாய். ஒன்பது மடங்கு. நூறு ரூபாய் பெரிய தொகையா என்று கேட்பவர்கள் உண்டு. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு அது பெரிதில்லைதான். சீத்தா கேம்ப்பில் யாரும் நான்கு பேராகக் கிளம்புவதில்லை. வேலைக்குப் போன அண்ணியின் பிள்ளை, ஊரிலிருந்து வந்திருக்கும் சித்தி மகள், துணைக்கு ஆளில்லாத பக்கத்து வீட்டுச் சிறுவன், எல்லோரையும் கூட்டிக்கொண்டு போவதுதான் இங்கே வழக்கம். அவர்களை அந்தச் சலுகை கணக்கில் எடுக்கவில்லை.

அந்தப் பணத்துக்குப் பலன் இல்லை என்று சொல்ல மாட்டேன். கம்பிக் கூண்டுகள் போய் விசாலமான கண்ணாடிச் சுவர் அடைப்புகள் வந்துள்ளன. 2020-இல் அவுரங்காபாத்திலிருந்து சக்தி, கரிஷ்மா என்ற இரண்டு புலிகள் வந்தன. 2023 புத்தாண்டு அன்று மட்டும் 30,000 பேருக்கு மேல் வந்தார்கள். மிருகங்களுக்கு நல்ல இருப்பிடம் வேண்டும், அதற்குச் செலவும் ஆகும். அந்தச் செலவைப் பெரிய குடும்பங்களின் தலையில் வைக்காமலும் மாநகராட்சியால் அதைச் செய்ய முடியும் என்பதுதான் என் வாதம்.

மீன்காட்சியின் நிலை இன்னும் மோசம். தாராபூர்வாலாவைப் புதுப்பித்து 2015-இல் திறந்தபோது, தலைக்கு மேலே மீன் நீந்தும் கண்ணாடிச் சுரங்கம் வைத்தார்கள். டிக்கெட் 60 ரூபாய். ஐந்து வருடம்தான் ஓடியது. 2020-இல் கொரோனாவுக்காக மூடிய கதவு, கட்டடம் பலவீனம் என்று தெரிந்த பிறகு, ஆண்டுக்கணக்கில் மூடியே கிடந்தது. இந்தக் காலத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு நகரத்தின் மீன்காட்சியகம் என்பது பெற்றோர் சொல்லும் கதை மட்டுமே. ராணிபாக் வளாகத்திலேயே ஒன்று கட்ட மாநகராட்சி திட்டமிட்டிருப்பதாகச் சொல்கிறது.

வழியும் இப்படித்தான். 2013-இல் வந்த ஈஸ்டர்ன் ஃப்ரீவே செம்பூர்ப் பக்கத்துக் கார்களைச் சீக்கிரம் தென்மும்பை சேர்க்கிறது. எங்களில் பெரும்பாலோர் இன்னும் ரயிலிலும் பஸ்ஸிலும்தான். 2014-இல் செம்பூரிலிருந்து ஓடத் தொடங்கிய மோனோரயில் 2019-இல் சாத் ரஸ்தா வரை நீண்டது. ராணிபாக்குக்கு அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். பிள்ளைகளுக்கு அந்த ரயிலே ஒரு வேடிக்கை. சீரமைப்புக்கு என்று 2025 செப்டம்பரில் அதையும் நிறுத்தினார்கள். அதே வருடம் மே மாதம் பெஸ்ட் பஸ்ஸின் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாயிலிருந்து 10 ஆனது. எட்டுப் பேருக்குப் போக வர என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இதனால் இன்றைய கோடையில் பல வீடுகளில் அந்த ஒரு நாள் சுருங்கிவிட்டது. பெங்குவினை மொபைலில் பார்த்துக்கொண்டே பிள்ளைகள் பத்து ரூபாய்க் கோன் தின்கிறார்கள். இரண்டும் தப்பில்லை. ஆனால் கூட்டமாகக் கிளம்புவதும், நகரத்தின் மறுகோடியைக் காண்பதும், பணக்காரப் பிள்ளை நிற்கும் அதே கண்ணாடிக்கு முன்னால் நம் பிள்ளையும் நின்று ஒரே புலியைப் பார்ப்பதும் குறைந்துபோகின்றன. நகரத்தின் ஓரத்துக்குத் தள்ளப்பட்ட மக்களுக்கு, இந்த நகரம் நமக்கும் சொந்தம் என்று பிள்ளைகளுக்குக் காட்டிய நாள் அது.

அதை மீட்பது பெரிய காரியமில்லை. குடும்பச் சலுகையில் கூட வரும் எல்லாப் பிள்ளைகளையும் சேர்க்கலாம். புது மீன்காட்சியகம் வரும்போது பள்ளி விடுமுறை நாட்களில் குறைந்த கட்டணம் வைக்கலாம். இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் கழி சேரும் தாணே கடற்கழிக்கு ஆயிரக்கணக்கில் ஃபிளமிங்கோக்கள் வருகின்றன. மே மாதம் வரைக்கும் இருக்கின்றன. அதன் ஒரு பகுதி 2015-இல் சரணாலயமானது. 2022-இல் ராம்சார் ஈரநிலத் தகுதியும் கிடைத்தது. படகில் போய்ப் பார்க்கும் வசதி அக்கரையில், ஐரோலியில் இருக்கிறது. இக்கரையில் டிராம்பே கரையோரம் நிழலோடு ஒரு மேடையும், இரண்டு தொலைநோக்கிகளும், விவரம் சொல்ல ஒரு ஆளும் போதும். எட்டுப் பேர் அல்ல, எண்பது பேராகவும் நடந்தே போய்ப் பார்க்கலாம். சதுப்பு என்று எங்களைக் கொண்டுவந்து தள்ளிய கரையில் நகரத்தின் மிகச் சிறந்த பறவைக் காட்சி இருக்கிறது. அதைக் காணும் முதல் உரிமை இந்தப் பிள்ளைகளுக்குத்தான்.