கலமும் வடிவமும்



நாள்தோறும் நாம் கையாளும் பொருள்களைப் பற்றியே நாம் மிகக் குறைவாகச் சிந்திக்கிறோம். கோயிற் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து வியக்கிறோம்; தண்ணீர் மொள்ளும் செம்பை யாரும் வியந்து பார்ப்பதில்லை. பிரான்சு நாட்டில் வெள்ளி முலாம் பூசிய உண்கலங்கள் எவ்வாறு தோன்றின, எவ்வாறு வடிவம் மாறின என்பதை இப்பேச்சில் காண்போம். அவ்வரலாறு நம் தாமிரபரணிக் கரைக்கும் ஒரு செய்தியைச் சொல்கிறது.

முலாம் என்றவுடன் போலி என்னும் எண்ணம் நமக்கு எழுகிறது. அது முற்றிலும் சரியன்று. நம் வீடுகளில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசினார்களே, அது யாரை ஏமாற்ற? புளியும் மோரும் பித்தளையிற் பட்டால் களிம்பு ஏறும், உணவு கெடும். அதைத் தடுக்கவே வெள்ளீயத்தை உள்ளே பூசினார்கள். ஓர் உலோகத்தின் வலிமையையும் இன்னோர் உலோகத்தின் தூய்மையையும் ஒரே கலத்தில் சேர்ப்பதே பூச்சின் நோக்கம்.

பழங்காலத்தில் ஐரோப்பியர் பொன்முலாம் பூசுவதற்குப் பாதரசத்தைப் பயன்படுத்தினர். பொன்னும் பாதரசமும் கலந்த குழம்பைத் தடவிச் சூடேற்றினால் பாதரசம் ஆவியாகிப் போகும், பொன் தங்கும். ஆனால் அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளர் உடல் நலிந்து மாண்டனர். இக்கொடுமையை நீக்கியது மின்சாரம். வெள்ளி உப்புக் கரைசலில் ஒரு வெள்ளித் தகட்டையும், பூச வேண்டிய கலத்தையும் தொங்கவிடுவர். தகட்டை மின்கலத்தின் நேர்முனையோடும், கலத்தை எதிர்முனையோடும் இணைப்பர். மின்சாரம் பாயும்போது தகட்டிலிருந்து வெள்ளி கரைந்து சென்று கலத்தின்மேல் படியும். மைக்கேல் ஃபாரடே கண்ட விதிப்படி, படியும் வெள்ளியின் அளவு பாயும் மின்சாரத்தின் அளவைப் பொறுத்தது. ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் பாய்ந்தால் ஏறத்தாழ 4 கிராம் வெள்ளி படியும். நல்ல முலாமின் தடிப்பே ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அவற்றுள் சில பத்துப் பங்குதான். இக்கரைசலில் சயனைடு என்னும் கொடிய நஞ்சு சேர்வதால், இதை வீட்டிற் செய்து பார்க்க எவரும் முயலலாகாது.

1830-ல் பாரிசில் தொழில் தொடங்கிய சார்ல் கிறிஸ்தோஃபில் என்பவர், 1842-ல் இம்முறையைப் பிரான்சில் கையாளும் உரிமையைப் பெற்றார். அதுவரை செல்வரின் மேசையில் மட்டுமே மின்னிய வெள்ளி, நடுத்தரக் குடும்பத்தாரின் மேசைக்கும் வந்தது. பேரரசர் மூன்றாம் நெப்போலியனே தம் விருந்துக்கு முலாம் பூசிய கலங்களை வரவழைத்தார் என்றால் அதன் பெருமை விளங்கும்.

ஆயினும் அந்நாளைய கலங்களின் வடிவம் பழைய வடிவமே. பூவும் கொடியும் மாலையுமாகச் சித்திர வேலைப்பாடு மேற்பரப்பெங்கும் படர்ந்திருக்கும். அதே நிறுவனம் 1882-ல் பகவல்பூர் நவாபுக்காக ஒரு வெள்ளிக் கட்டில் செய்தது. அதன் நான்கு மூலைகளிலும் விசிறி வீசும் பெண் பதுமைகள் நின்றன. செல்வத்தைக் காட்டுவதே அழகு என்று எண்ணிய காலம் அது.

முதல் உலகப் போருக்குப் பின் இவ்வெண்ணம் மாறியது. வேலையாட்கள் நிறைந்த பெரிய மாளிகைகள் குறைந்தன. வெள்ளியோ காற்றிலும் உணவிலும் உள்ள கந்தகத்தாற் கறுக்கும் இயல்புடையது. இண்டு இடுக்கெல்லாம் சித்திரம் உள்ள கலத்தைத் துலக்குவது பெரும்பாடு. அழுத்தித் துலக்கினாலோ முலாம் தேயும். மழமழப்பான கலம் இத்தொல்லைகளைக் குறைத்தது. மேலும் விமானமும் கப்பலும் ஓடும் காலத்துக்கு ஏற்ற அழகு வேறு என்று கலைஞர் கருதினர். ழான் புயிஃபோர்க்கா என்னும் பிரெஞ்சு வெள்ளிக் கலைஞர் வட்டம், கோளம், உருளை முதலிய கணித வடிவங்களைக் கொண்டே கலங்களை அமைத்தார். 1935-ல் கடலிற் சென்ற ‘நார்மண்டி’ என்னும் பெருங்கப்பலுக்காக லூக் லனேல் என்பவர் கிறிஸ்தோஃபில் நிறுவனத்தில் முலாம் கலங்களை வடிவமைத்தார். 1950-களில் அதே நிறுவனத்துக்காக இத்தாலியரான லீனோ சபத்தீனி செய்த ‘கோமோ’ தேநீர்க் கலங்கள், நீரில் மிதக்கும் பறவைபோல் மெல்லிய கழுத்தும் வளைந்த உடலும் கொண்டவை. அவற்றில் ஒரு பூவேலையும் இல்லை, வளைவே அணி.

இவ்வலை இந்தியாவையும் தொட்டது. இந்தூர் மன்னர் இரண்டாம் யசுவந்த ராவ் ஹோல்கர், செருமானியக் கட்டடக் கலைஞர் எக்கார்ட் முத்தேசியுஸைக் கொண்டு, 1930-களின் தொடக்கத்தில் மாணிக் பாக் அரண்மனையைப் புதுமுறையில் அமைத்தார். அங்கே புயிஃபோர்க்காவின் வெள்ளிக் கலங்களும் ருல்மானின் மரச்சாமான்களும் இடம்பெற்றன. பகவல்பூர்க் கட்டிலுக்கும் இந்தூர்க் கரண்டிக்கும் இடைப்பட்ட காலம் ஐம்பது ஆண்டு. சுவையின் தொலைவோ மிகப் பெரிது. ஆனால் அவ்வரண்மனைப் பொருள்களிற் பல 1980-ல் மொனாக்கோவில் ஏலத்திற் போயின.

இனி நம் பக்கம் திரும்புவோம். சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளத் தம்பதியர் இந்திய அரசின் அழைப்பின்பேரில் வந்து, 1958-ல் ஓர் அறிக்கை அளித்தனர். அகமதாபாத்தில் 1961-ல் தோன்றிய தேசிய வடிவமைப்புக் கழகத்துக்கு வித்திட்டது அதுவே. இந்நாட்டில் தாங்கள் கண்ட பொருள்களில் தலைசிறந்ததாக அவர்கள் போற்றியது எதை? அரண்மனையின் வெள்ளியை அன்று, சாதாரணச் செம்பை! எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், நிறைந்தபோதும் குறைந்தபோதும் எப்படிச் சமநிலை நிற்கும், கைக்கும் இடுப்புக்கும் எப்படிப் பொருந்தும், வாய் எவ்வளவு அகன்றால் நீர் சிந்தாமல் ஊற்றலாம், துலக்குவது எளிதா என்று அதன் வடிவத்துக்குள் அடங்கிய வினாக்களை அவர்கள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தனர். பெயர் தெரியாத பல தலைமுறையினர் அவ்வினாக்களுக்கு விடை கண்டிருந்தனர். பிரெஞ்சுக் கலைஞர் முயன்று அடைந்த எளிமை நம் அடுக்களையில் முன்பே குடியிருந்தது.

தாமிரபரணிக் கரையின் உலோக மரபு மிகப் பழையது. ஆதிச்சநல்லூரில் அலெக்சாந்தர் ரே அகழ்ந்தபோது, பறவைகளும் விலங்குகளும் அணிசெய்யும் வெண்கல மூடிகளும் கலங்களும் கிடைத்தன. அண்மைக் காலம் வரை நெல்லைச் சீமையில் வாகைக்குளத்தின் வெண்கல வேலை பெயர் பெற்று விளங்கியது. கடற்காற்றில் இரும்பு எவ்வளவு விரைவில் துருவேறும் என்பது கூடங்குளத்தில் வாழும் நமக்குத் தெரியும். வெண்கலமோ துருப்பிடிப்பதே இல்லை.

இங்கே சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. ஒரு ‘கோமோ’ கலத்தில் உள்ள வெள்ளி மிகச் சிறிது. உருக்கினால் அதிகம் தேறாது. எனினும் அதனைப் போற்றிக் காக்கிறார்கள். காரணம், அவர்கள் மதித்தது எடையை அன்று, வடிவத்தை. நாமோ பாட்டி காலத்துச் செம்பையும் உருளியையும் பழம்பாத்திரக்காரரின் தராசில் வைத்து, கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று வாங்கிக்கொள்கிறோம். உலோகம் உருகி மறுபிறவி எடுக்கும். உருகிப்போன வடிவம் மீளாது. வார்த்துத் தட்டிய கைகளின் அறிவும் அதனோடு மறையும்.

ஆகவே மாணவர்களே, உங்கள் வீட்டுப் பரணில் உள்ள பழைய கலம் ஒன்றை இறக்குங்கள். அதன் உயரத்தையும் வாயகலத்தையும் அளந்து படம் வரையுங்கள். அதற்கு என்ன பெயர், எதற்குப் பயன்பட்டது, எங்கே வாங்கியது என்று வீட்டுப் பெரியோரைக் கேட்டு எழுதி வையுங்கள். அதன் பின்னும் அதை எடைக்குப் போட மனம் வருமா என்று நீங்களே பாருங்கள்.