மூன்றால் பெருக்கிய கோடு

அமெரிக்காவில் யார் ஏழை என்று அரசு இன்றும் பார்ப்பது 1963-இல் ஒரு பெண் அதிகாரி போட்ட கணக்கை வைத்துத்தான். சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தில் பணியாற்றிய மோலி ஓர்ஷான்ஸ்கி, வேளாண் துறை வகுத்திருந்த மிகச் சிக்கனமான உணவுப் பட்டியலை எடுத்துக்கொண்டார். கையில் காசில்லாத நாட்களைத் தற்காலிகமாகச் சமாளிப்பதற்கான சாப்பாடு அது! 1955-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, குடும்பங்கள் வருமானத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கை உணவுக்குச் செலவிட்டன. ஆகவே உணவுச் செலவை மூன்றால் பெருக்கினார், அதுவே வறுமைக்கோடு. 1969-இல் அதிகாரபூர்வமானது. இன்றோ வீட்டு வாடகையும் மருத்துவமும் குழந்தைக் காப்பகமும் சம்பளத்தை விழுங்குகின்றன. கோடு மட்டும் விலைவாசிக்கேற்ப உயர்வதோடு சரி. 2011 முதல் துணை அளவீடு ஒன்றும் வெளியாகிறது. ஆனாலும் உணவு உதவிக்குத் தகுதி பார்ப்பது, பழைய கணக்கின் வழிவந்த எண்ணை வைத்தே.