கைப்பிடி பாதியில் நின்றால்

ஃபீனிக்ஸ் நகரத்துக்கு வெளியே ஒரு வீட்டு கராஜ். கார் நிற்க வேண்டிய இடத்தில் கனத்த மர மேசை. அதில் போல்ட் போட்டு முடுக்கிய பிரஸ் ஒன்று. வார இறுதித் துப்பாக்கிச் சுடும் போட்டிக்காக வீட்டுக்காரர் தோட்டா தயாரித்துக்கொண்டிருந்தார். கைப்பிடியைக் கீழே இழுப்பார், மேலே விடுவார், முன்பக்கம் லேசாகத் தள்ளுவார், தட்டைக் கட்டைவிரலால் சுழற்றுவார். ஒவ்வொரு சுற்றுக்கும் முடிந்த தோட்டா ஒன்று நீலப் பெட்டியில் 'டக்' என்று விழும். ஐம்பது, அறுபது விழுந்திருக்கும். முன்பக்கம் தள்ளும்போது கைப்பிடி சட்டென்று நின்றது.

இன்னும் கொஞ்சம் அழுத்தினால் போய்விடும் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவர் கையை எடுத்துவிட்டார். கண்ணாடி சரியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு சிக்கிய இடத்தைத் தொடாமல், அதற்கு அடுத்த நிலையில் நின்ற கூட்டை வெளியே எடுத்து, அதிலிருந்த வெடிமருந்தைத் தராசுத் தட்டில் கொட்டினார். சிக்கியது ஒன்று, எடுத்தது வேறொன்று. அது ஏன் என்பது எனக்குப் புரிய வெகுநேரம் ஆயிற்று.

தோட்டாவில் இருப்பவை நான்கு பொருள்கள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்ட பிறகு மிஞ்சுவது கூடு மட்டும். விலையில் பெரும்பங்கும் அதுதான் என்பதால் அமெரிக்கப் போட்டியாளர்கள் அதைப் பொறுக்கி மறுபடி நிரப்புகிறார்கள். சொந்த உபயோகத்துக்கு நிரப்ப அங்கே மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்பதற்குச் செய்தால்தான் தேவை. 1976இல் மிசௌரி மாநிலம் கொலம்பியாவில் ஐபிஎஸ்சி என்ற பன்னாட்டுத் துப்பாக்கிப் போட்டி அமைப்பு தொடங்கி, ஓடிக்கொண்டே சுடும் போட்டிகள் பரவிய பிறகு, பயிற்சிக்கே ஆயிரக்கணக்கில் தோட்டா வேண்டியிருந்தது. ஒவ்வொன்றாக நிரப்பிக் கட்டுப்படியாகாது. விமானியாக இருந்த மைக் டில்லன் போன்றவர்கள் வீட்டு மேசைக்கு ஏற்ற புரோகிரசிவ் பிரஸ்ஸைச் சாமானியர் கைக்கு எட்டச் செய்தது அப்படிப்பட்ட தேவையில்தான்.

இந்த பிரஸ்ஸில் ஒரு சுழல் தட்டு. தட்டில் நான்கைந்து கூடுகள் ஒரே நேரத்தில் நிற்கும். முதல் நிலையில் பழைய பிரைமர் வெளியே தள்ளப்பட்டு, கூடு பழைய அளவுக்கு இறுக்கப்படும். கைப்பிடியை முன்பக்கம் தள்ளும்போது அங்கேயே புது பிரைமர் ஏறும். இரண்டாவதில் மருந்து விழும். அடுத்ததில் குண்டு உட்காரும். கடைசியில் வாய் மடிக்கப்படும். ஒரே இழுப்பில் எல்லா நிலைகளிலும் வேலை நடக்கிறது. வேகம் அதனால்தான். எங்கோ ஓரிடத்தில் சிக்கினால் எல்லாம் சேர்ந்து நிற்பதும் அதனால்தான்.

சிக்கல்களில் பெரும்பாலானவை பிரஸ்ஸுக்குள் பிறப்பதில்லை, கூடு பொறுக்கும்போதே பையில் ஏறிவிடுகின்றன. 9 மி.மீ. அளவுக் கூடு .40 அளவுக் கூட்டுக்குள் நுழையும், .40 கூடு .45க்குள் நுழையும். மைதானத்தில் அள்ளிப்போட்டுக் குலுக்கினால் ஒன்றுக்குள் ஒன்று சம்படம் மாதிரி அடங்கிவிடும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. 9 மி.மீ. கூட்டின் நீளம் 19 மி.மீ., .380இன் நீளம் 17 மி.மீ. இந்த இரண்டும் கலந்து கிடந்தால் விரலுக்குத் தெரிந்தாலும் அவசரத்தில் கண் ஏமாறும். கூடு தேய்க்கப் போடும் சோளத்தக்கைத் துகள், பிரைமரின் பொறி மருந்துக்குப் போகும் துளையில் அடைத்துக்கொள்வதும் உண்டு. பெர்டான் வகைக் கூடாக இருந்தால் நடுத்துளையே கிடையாது, ஓரமாக இரண்டு சிறு துளைகள். பிரைமரைத் தள்ளும் ஊசி நடுவில் முட்டி வளைந்தோ ஒடிந்தோ போகும். கூடு பிரித்தெடுக்கும் வேலையை அரிசியில் கல் பொறுக்குகிற பொறுமையோடு செய்தவர்களுக்குப் பாதித் தொல்லை அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

பிரைமர் இடத்துச் சிக்கல் தனி ரகம். ராணுவக் கூடுகளில் பிரைமர் கழன்றுவிடாதபடி குழியின் விளிம்பை நசுக்கியிருப்பார்கள். அந்த நசுங்கலைச் சீவாமல் விட்டால் புது பிரைமர் உள்ளே போகாது. சில சமயம் பழைய பிரைமரே ஊசியில் ஒட்டிக்கொண்டு மேலேறி மறுபடி குழிக்குள் உட்கார்ந்துவிடும். ஏற்கெனவே ஆள் இருக்கும் வீட்டுக்குள் புதியது நுழையப் பார்க்கும். .45 கூடுகளில் இன்னொரு சங்கடம்: காலங்காலமாகப் பெரிய பிரைமர் போட்டுவந்த அந்த அளவில் இப்போது சின்னக் குழி வைத்த கூடுகளும் வருகின்றன. பெரியது ஏறக்குறைய 5.3 மி.மீ., சின்னது 4.4 மி.மீ. அன்றைக்கு கராஜில் நடந்தது இதுதான்.

இங்கே பலத்தைக் காட்டக் கூடாது. பிரைமர் என்பது அடிபட்டால் வெடிக்கவென்றே செய்த பொருள். பக்கத்துக் குழாயில் நூறு பிரைமர் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். நசுங்கிய ஒன்று வெடித்து, பொறி குழாயில் ஏறினால் அடுக்கு முழுவதும் வெடிக்கலாம். குழாயைச் சுற்றி எஃகு உறை போட்டிருப்பது அதற்காகத்தான். கண்ணாடி இல்லாமல் இந்த மேசை முன் உட்காரக் கூடாது. குழாயில் பிரைமர் சிக்கினால் கம்பியை விட்டு மேலிருந்து குத்தவே கூடாது. கரும்புச் சாறு பிழிகிறவர் கரும்பு சிக்கினால் சக்கரத்தைப் பின்பக்கம் சுற்றுவாரே, அந்தப் புத்திதான் இங்கும் வேண்டும்.

தட்டுச் சிக்கல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சிந்திய மருந்து அடியில் சேர்ந்தால் தட்டு இறுகும். நடு போல்ட் தளர்ந்தால் கூடுகள் மேலே இருக்கும் அச்சுகளுக்கு நேராக வராது. தானே சுழலும் வகையில் தட்டு வெடுக்கென்று நின்றால் வாய்வரை நிரம்பிய சிறு கூடுகளிலிருந்து மருந்து துள்ளும். சின்ன பிரஷ், சரியாக முடுக்கிய போல்ட், நிதானமான கை என்று மூன்றும் இருந்தால் போதும்.

ஆனால் இவற்றில் எதுவும் அந்த மனிதரைப் பயமுறுத்தவில்லை. சிக்கலை எடுத்த பிறகு வரும் முதல் இழுப்புதான் ஆபத்து என்றார். ஓட்டத்தில் இருக்கும்வரை கை எண்ணிக்கொண்டிருக்கிறது. நின்றதும் கண்ணும் மனமும் முதல் நிலைக்குப் போய்விடுகின்றன. ஸ்க்ரூ டிரைவர் தேடுகிறோம், கூட்டைப் பிடுங்குகிறோம், தட்டைக் கொஞ்சம் முன்னும் பின்னும் அசைக்கிறோம். அதற்குள் இரண்டாம் நிலைக் கூட்டுக்கு மருந்து விழுந்ததா, இல்லையா என்பது யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

விழாமல் போனால், பிரைமரின் பலத்தில் மட்டும் குண்டு கிளம்பிக் குழலுக்குள் பாதியில் நின்றுவிடும். சுடுபவருக்கு ஒரு மெல்லிய சத்தம் கேட்கும். அதைக் கவனியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும், வெடிக்கவும் கூடும். இரண்டு முறை விழுந்தால் துப்பாக்கியே கையில் சிதறலாம். அளவோ மிகச் சிறியது: மருந்தை நிறுக்கும் கிரெய்ன் என்ற அலகில் ஒரு பவுண்டுக்கு 7000. நம் குன்றிமணி ஒன்று ஏறக்குறைய இரண்டு கிரெய்ன். கைத்துப்பாக்கி மருந்தைச் சில குன்றிமணி எடைக்குள் அளந்துவிடலாம்.

அதனால் அவருடைய முறை இது: எங்கே சிக்கினாலும் முதலில் மருந்து நிலைக் கூட்டைக் காலி செய்வது, தட்டில் நின்ற மற்றவற்றையும் எடுத்துவிடுவது, குண்டு உட்கார்ந்திருந்தால் சந்தேகப் பெட்டியில் போட்டுப் பிறகு சுத்தி மாதிரி இருக்கும் கருவியால் தட்டிப் பிரிப்பது, தட்டு வெறுமையான பிறகே மறுபடி தொடங்குவது. மருந்து மட்டம் தப்பினால் ஒலிக்கும் எச்சரிக்கைக் கருவிகள் கடையில் உண்டு. தட்டுக்கு மேல் சின்ன விளக்கும் மாட்டியிருந்தார். ஆனால் கை பழகிய இந்தக் காலி செய்தலைத்தான் நம்பினார். என் பார்வையில் அது சரி. கருவி ஒலிப்பதற்கும் முன்னால் மனிதர் நிற்கத் தெரிந்திருக்க வேண்டும்.

எதற்காக இவ்வளவு என்று என் முகம் கேட்டிருக்கும் போல. ஒரு பழைய கூட்டை எடுத்தார். பிரைமர் இல்லாத கூடு, ஆகவே அடியில் ஒரு துண்டு டேப் ஒட்டினார். இரண்டாம் நிலையில் வைத்துக் கைப்பிடியை இழுத்தார். மருந்து விழுந்தது. தட்டைச் சுழற்றாமல், சிக்கலை எடுத்த கையோடு செய்வது போல, இன்னொரு முறை இழுத்தார். கூட்டை என்னிடம் நீட்டினார். உள்ளே எட்டிப் பார்த்தேன். வழியவில்லை, வாய்க்கு வரவும் இல்லை. வழக்கமான அளவு பாதிக்கும் கீழே நிற்பதால் இரண்டு பங்கும் உள்ளே அமைதியாக அடங்கிவிட்டிருந்தது. அதன் வாயில் குண்டை வைத்துக் காட்டினார். பெட்டியில் கிடந்த மற்ற அறுபதுக்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

குண்டை எடுத்து, மருந்தைத் தராசில் கொட்டி, கூட்டைக் குப்பையில் போட்டார். தட்டைப் பிரஷ்ஷால் துடைத்தார். நாலு இடமும் காலி என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, முதல் கூட்டை எடுத்து வைத்தார்.