மிதிவண்டியில் மலையுச்சிக்கு

உயர்ந்த மலையைக் கண்ட மனிதன் அதன் உச்சியை அடைய விரும்புவது இயல்பு. கால்நடையாக ஏறியவர் பலர். கயிறும் கோடரியும் கொண்டு பனிமலைகளில் ஏறியவரும் உளர். மிதிவண்டியிலேயே மலையுச்சிக்குச் சென்று, அவ்வண்டியிலேயே இறங்கி வருவோரும் இக்காலத்தில் உளர். இதற்கு உடல் வலிமை வேண்டும் என்பதை எவரும் அறிவர். ஆயின், வலிமையினும் மிகுதியாக வேண்டப்படுவது முன்கூட்டித் திட்டமிடும் அறிவே ஆகும். முதன்முறையாக இத்தகைய பயணத்தை மேற்கொள்வோர் எவ்வெவற்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்பதை, ஒரு மலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு காணலாம்.

மலைப் பாதைக்கென்றே அமைந்த மிதிவண்டி தோன்றிய வரலாறு சுவையானது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கலிபோர்னியா மாநிலத்தில், சான்பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே டமால்பயஸ் என்னும் மலை உள்ளது. 1970ஆம் ஆண்டுகளில் அப்பகுதி இளைஞர்கள் சிலர், தடித்த டயர் பூட்டிய பழைய மிதிவண்டிகளைத் தேடி எடுத்து, அவற்றில் ஏறி மண்பாதைகளில் இறங்கி விளையாடினர். 1976ஆம் ஆண்டில் செங்குத்தான ஒரு பாதையில் பந்தயமும் நடத்தினர். அவ்வண்டிகளில் பின்சக்கரத்தின் குடத்தினுள்ளேயே பிரேக்கு அமைந்திருந்தது. இறங்கும்போது அது கடுமையாகச் சூடேறும். உள்ளே இட்ட மசகு புகைந்து போகும். ஆதலின், இறங்கிய பின் குடத்தைத் திறந்து புதிய மசகை நிரப்ப வேண்டியிருந்தது. 'மீண்டும் நிரப்புதல்' என்று பொருள்படும் 'ரீபேக்' என்பதே அப்பந்தயத்திற்குப் பெயராயிற்று. 1977ஆம் ஆண்டில் ஜோ பிரீஸ் என்பவர் இத்தகைய பாதைகளுக்கென்றே புதிய சட்டம் கொண்ட மிதிவண்டியைச் செய்தார். பின்னர்ப் பல பற்சக்கரங்களும் வலிய பிரேக்குகளும் கொண்ட வண்டிகள் உலகெங்கும் பரவின. மலையில் ஏறுவது மட்டுமன்றி இறங்குவதும் ஒரு கலை என்பதை அவ்வண்டியின் தொடக்க வரலாறே உணர்த்துகிறது.

அதே கலிபோர்னியா மாநிலத்தின் கிழக்கு எல்லையை ஒட்டி, 'வெண்மலை' என்று பொருள்படும் 'ஒயிட் மவுண்டன்' என்னும் சிகரம் நிற்கிறது. அதன் உயரம் 4,344 மீட்டர். அம்மாநிலத்துச் சிகரங்களுள் அது மூன்றாவது உயரமுடையது. அதன் மேற்கே ஓவன்ஸ் பள்ளத்தாக்கும், அதற்கு அப்பால் சியரா நெவடா மலைத்தொடரும் உள்ளன. இத்துணை உயர்ந்த சிகரங்கள் பலவற்றிற்குச் சக்கரம் செல்லும் வழி இல்லை. இதற்கோ உச்சிவரையில் ஒரு கரட்டுச் சாலை உண்டு. உயர்ந்த இடங்களில் உயிர்களின் உடல் எவ்வாறு இயங்குகிறது என்பதை ஆராய, கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் இம்மலையில் ஆய்வுக்கூடங்களை அமைத்தது. ஏறத்தாழ 3,800 மீட்டர் உயரத்தில் உள்ள கூடம் 1951ஆம் ஆண்டிலும், உச்சியில் உள்ள சிறு கற்குடில் 1955ஆம் ஆண்டிலும் எழுந்தன. அவற்றிற்குச் செல்லும் சாலையே இன்று நடப்போருக்கும் மிதிவண்டியில் செல்வோருக்கும் வழியாக உதவுகிறது.

பொதுமக்களின் மோட்டார் வண்டிகள் ஏறத்தாழ 3,560 மீட்டர் உயரத்தில் உள்ள ஓர் இரும்புக் கதவின் முன் நின்றுவிடும். மிதிவண்டிப் பயணம் அங்குத் தொடங்குகிறது. அங்கிருந்து உச்சி ஏறத்தாழ 11 கிலோமீட்டர். போக வர 22 கிலோமீட்டர். சமவெளியில் பழகியவருக்கு இத்தொலைவு ஒரு பொருட்டாகத் தோன்றாது. தொலைவை மட்டும் கண்டு பயணத்தை எளிதென எண்ணுவதே முதற்பிழையாகும்.

மலையில் முதற்கண் எண்ண வேண்டியது காற்று. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு பிராணவாயு. இவ்விகிதம் கடற்கரையிலும் மலையுச்சியிலும் ஒன்றே. ஆயின், உயரம் செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைகிறது. வெண்மலையின் உச்சியில் அது கடல் மட்டத்து அழுத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கே ஆகும். ஆதலின், ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குள் செல்லும் பிராணவாயுவும் அவ்வளவிற்குக் குறைகிறது. நெஞ்சு விரைந்து துடிக்கும், மூச்சு வாங்கும், கீழே எளிதாக மிதித்த கால்கள் மேலே தள்ளாடும்.

இக்குறையை உடல் ஈடு செய்துகொள்ள வல்லது; ஆயின் அதற்குக் காலம் வேண்டும். வெண்மலையின் ஆய்வுக்கூடம் ஜோசப் பார்கிராப்ட் என்னும் பிரித்தானிய அறிஞரின் பெயரைத் தாங்கியுள்ளது. குருதியும் பிராணவாயுவும் பற்றி ஆராய்ந்த அப்பெருமகனார், 1920ஆம் ஆண்டில் கண்ணாடி அறை ஒன்றில் பிராணவாயு குறைந்த காற்றைச் சுவாசித்தபடி ஆறு நாள் தங்கித் தம் உடலையே ஆய்வுக்கு உட்படுத்தினார். 1921ஆம் ஆண்டின் இறுதியில் தம் குழுவினருடன் பெரு நாட்டின் செரோ டி பாஸ்கோ என்னும் நகருக்குச் சென்று ஆராய்ந்தார். அந்நகரின் உயரம் வெண்மலையுச்சியின் உயரத்திற்கு ஏறக்குறைய ஒப்பாகும். அங்கு மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து தொழில் புரிகின்றனர். ஆயின், தாழ்நிலத்திலிருந்து விரைந்து ஏறிச் சென்றவரை மலைநோய் வருத்துகிறது.

தலைவலி, குமட்டல், உணவில் வெறுப்பு, உறக்கமின்மை ஆகியன மலைநோயின் தொடக்க அறிகுறிகள். இவற்றைப் பொருட்படுத்தாது மேலும் ஏறினால், நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே இறுதி நேரலாம். இதற்கு முதல் மருந்து கீழே இறங்குதலே. ஆதலின், புதிதாகச் செல்வோர் பள்ளத்தாக்கிலிருந்து புறப்பட்ட அன்றே உச்சியை நாடுதல் கூடாது. வழியில் ஏறத்தாழ 2,600 மீட்டர் உயரத்தில் முகாமிடும் இடம் ஒன்று உண்டு. அங்கு ஓரிரண்டு இரவுகள் தங்குதல் நலம். பகற்பொழுதில் அதற்கும் மேலே 3,000 மீட்டர் உயரத்தில் உள்ள பழைய ஊசியிலைமரக் காட்டில் உலவி வரலாம். உலகின் மிக மூத்த மரங்கள் சில அக்காட்டில் நிற்கின்றன. 1957ஆம் ஆண்டில் எட்மண்ட் ஷுல்மன் என்னும் அறிஞர் அங்குள்ள ஒரு மரத்தின் வளையங்களை எண்ணி, அதன் வயது நாலாயிரத்து அறுநூறு ஆண்டுக்கும் மேற்பட்டது எனக் கண்டார். பகலில் உயர ஏறி, இரவில் தாழ்ந்த இடத்தில் உறங்குவோரின் உடல் சிறிது சிறிதாக உயரத்திற்குப் பழகும்.

அடுத்து எண்ண வேண்டியது பொழுது. கோடைக்காலத்தில் இம்மலையில் நண்பகலுக்குப் பின் இடிமேகங்கள் திரள்வது உண்டு. சாலையின் மேற்பகுதியில் மரமோ புதரோ இல்லை. அவ்வெட்டவெளியில் மிதிவண்டியில் செல்பவரே உயர்ந்த பொருளாகிவிடுவர்; மின்னல் அவர்மேல் பாயும் அச்சம் உண்டு. உச்சியிலுள்ள குடில் ஆய்வுக்கென அமைந்தது. அதனை அடைக்கலம் என நம்பிச் செல்லுதல் பிழை. ஆதலின், விடியற்பொழுதிலேயே புறப்பட்டு, நண்பகலுக்குள் உச்சியை விட்டு இறங்கத் தொடங்குமாறு கணக்கிடல் வேண்டும். மின்னலைக் கண்டபின் இடியோசை முப்பது நொடிக்குள் கேட்குமாயின், புயல் பத்துக் கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது என்று பொருள். அதற்குப் பின் அங்கு ஒரு கணமும் தாழ்த்தலாகாது.

உயரத்தோடு குளிரும் மிகும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறு பாகை குறையும். பள்ளத்தாக்கில் 35 பாகை வெயில் காயும் நாளிலும், அதனினும் மூவாயிரம் மீட்டர் உயர்ந்த சிகரத்தில் ஏறத்தாழ 17 பாகையே இருக்கும். காற்று வீசினால் குளிர் இன்னும் கடுமையாகத் தோன்றும். ஆதலின், காற்றுப் புகாத மேலாடையும் கையுறையும் உடன் இருத்தல் வேண்டும். சியரா நெவடா மழைமேகங்களை மறித்துவிடுவதால் இம்மலை வறண்டது. சாலையில் குடிநீர் கிடையாது. ஆளுக்கு நான்கு லிட்டர் நீராவது சுமந்து செல்லல் நன்று. தலைக்கவசம், உணவு, நிலப்படம், மாற்று டியூப், காற்றடிக்கும் பம்பு, பஞ்சர் ஒட்டும் பொருள்கள், அறுந்த சங்கிலியை இணைக்கும் கருவி ஆகியனவும் இன்றியமையாதன. எங்கும் கைப்பேசி பயன்படும் என்று நம்பியிருத்தல் ஆகாது. எப்பொழுது திரும்புவார் என்பதைப் புறப்படுமுன் கீழே உள்ள ஒருவரிடம் தெரிவித்து வருதல் வேண்டும்.

இனிப் பாதையின் இயல்பைக் காண்போர்க்கு ஓர் உண்மை விளங்கும். கதவிலிருந்து மூன்று கிலோமீட்டர் சென்றால் பார்கிராப்ட் ஆய்வுக்கூடம் வரும். அதன்பின் சாலை செங்குத்தாக ஏறி, வானாய்வுக் குடில் ஒன்றை அடைந்து, அகன்ற மேட்டு நிலத்தின் வழியே செல்லும். அங்கிருந்து சிகரம் அண்மையில் இருப்பது போலத் தோன்றும். ஆயின், சாலை நேராக ஏறிச் செல்வதில்லை. இடையே தாழ்ந்து, பின்னரே கடைசி ஏற்றத்தைத் தொடங்குகிறது. போகும்போது இறங்கிய தாழ்விலிருந்து வரும்போது மீண்டும் ஏற வேண்டும். ஆதலின், உச்சியை அடைவதற்கே தம் வலிமை முழுவதையும் செலவிட்டவர், திரும்பும் வழியில் இடர்ப்படுவர்.

ஏறும்போது சிறிய முன்சக்கரப் பல்லிலும் பெரிய பின்சக்கரப் பல்லிலும் சங்கிலியை இட்டு, மெல்ல மிதித்தல் வேண்டும். பேச இயலாதவாறு மூச்சு வாங்கினால் வேகம் மிகுதி என்று அறியலாம். கடைசி ஏற்றத்தில் சாலை வளைந்து வளைந்து செல்லும். சரளைக்கற்கள் சக்கரத்தை வழுக்கும். அங்கு வண்டியை விட்டு இறங்கித் தள்ளிச் செல்வது இழிவன்று. பயின்றவரும் அவ்வாறு செய்வது உண்டு.

திட்டத்தின் உயிர்நாடி திரும்பும் நேரமாகும். ஏறுவதற்கு நான்கு மணி நேரமும், களைப்பாறவும் பழுது பார்க்கவும் ஒரு மணி நேரமும் எனக் கொண்டால், காலை ஆறு மணிக்குப் புறப்பட்டவர் பதினொரு மணிக்கு எங்கு நின்றாலும் திரும்பிவிடல் வேண்டும். இதனைக் கேட்பது எளிது, கடைப்பிடிப்பது அரிது. ஒருவர் பதினொரு மணிக்குக் கடைசி ஏற்றத்தின் நடுவில் நிற்பதாகக் கொள்க. உச்சிக்குடில் கண்ணெதிரே தோன்றுகிறது. 'இன்னும் அரைமணி நேரந்தானே' என்று உள்ளம் கூறுகிறது. தொலைவில் ஒரு கருமேகம் எழுகிறது. தலையும் சிறிது வலிக்கிறது. அப்பொழுது அவர் எந்த அறிவைக் கொண்டு முடிவு செய்வார்? பிராணவாயு குறைந்தால் கால்கள் மட்டும் தளர்வதில்லை. ஆராய்ந்து தெளியும் ஆற்றலும் தளர்கிறது. ஆதலின், அம்முடிவு மலைமேல் எடுக்கத்தக்கதன்று. முந்தின நாளிலேயே, கீழே, தெளிந்த மனத்துடன் எடுத்துத் தாளில் குறித்து வைக்கத்தக்கது. கீழே தெளிந்த அறிவு இட்ட கட்டளைக்கு, மேலே களைத்த உள்ளம் கீழ்ப்படிதல் வேண்டும். திட்டம் என்பதன் பொருள் இதுவே.

இறங்குதல் விளையாட்டுப் போலத் தோன்றினும் அதுவே மிகுந்த கவனத்தை வேண்டுவது. வண்டியும் ஆளும் சுமையும் சேர்ந்து 90 கிலோகிராம் எனக் கொண்டால், உச்சியிலிருந்து கதவுவரை இறங்குவதற்குள் வெளிப்படும் ஆற்றல், இரண்டு லிட்டர் குளிர்ந்த நீரைக் கொதிக்கச் செய்யப் போதுமானது. அதில் ஒரு பங்கு காற்றின் தடையிலும் சாலையின் உராய்விலும் கழியும். பெரும் பங்கைப் பிரேக்குகளே தாங்க நேரும். ஆதலின், புறப்படுமுன் பிரேக்குக் கட்டைகளின் தேய்மானத்தைப் பார்த்தல் வேண்டும். இறங்கும்போது பிரேக்கை ஓயாது அழுத்திக்கொண்டிராமல், அழுத்தியும் விட்டும் செல்லல் வேண்டும். முன்பிரேக்கை மட்டும் திடீரென அழுத்தினால் வண்டி தலைகுப்புறக் கவிழும். உடலைச் சற்றுப் பின்னே சாய்த்து, வளைவிற்கு முன்பே வேகத்தைக் குறைத்தல் வேண்டும். நடந்து வருவோர்க்கு வழிவிடுதலும், சாலையை விட்டு விலகாமையும் கடமையாகும். உயர்ந்த நிலத்துச் செடிகள் மிக மெதுவாக வளர்வன. ஒரு சக்கரம் பதிந்த வடு பல்லாண்டு மறையாது.

இவ்வாறு எண்ணிச் செல்பவர் வானம் தெளிந்திருப்பின் உச்சியை அடைவர். மேற்கே சியரா நெவடாவின் சிகரங்கள் வரிசையாக நிற்பதையும், கிழக்கே நெவடாவின் வறண்ட மலைகள் அலையலையாகப் பரந்திருப்பதையும் கண்டு மகிழ்வர். வானம் கறுத்தால் உச்சியைக் காணாமலே திரும்புவர். இருவகையினரும் மாலையில் கதவின் அருகே நலமாக வந்து சேர்வாராயின், இருவர் பயணமும் வெற்றியே. நாலாயிரம் ஆண்டுகளைக் கண்ட மரங்கள் அம்மலையில் இன்னும் நிற்கின்றன. சிகரமும் அடுத்த கோடையில் அங்கேயே நிற்கும். திரும்பி வந்தவரே மீண்டும் செல்ல இயலும்.