வலிக்காத கட்டியும் தள்ளிப்போன நாட்களும்

வத்தல்மலையில் ஒரு பெண்ணுக்குக் குளிக்கும்போது மார்பில் சிறு கட்டி தட்டுப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வலி இல்லை. கீழே தருமபுரி பெரியாஸ்பத்திரிக்கு இறங்குவதென்றால் இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள், ஒரு நாள் கூலி, துணைக்கு ஓர் ஆள். "பால் கட்டியா இருக்கும், கரைஞ்சிடும்" என்று மாமியார் சொன்னால் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். மார்பகப் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. அதுதான் சங்கடமே.

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்ததும் இந்தத் தயக்கம் நாடு முழுவதற்கும் பொதுவாகிவிட்டது. பஸ் ஓடவில்லை, ஆஸ்பத்திரி என்றாலே கொரோனா பயம். இந்தியாவின் 41 புற்றுநோய் மையங்களில் அவ்வாண்டு மார்ச் முதல் மே வரை புதிதாகப் பதிந்தவர்கள் 51,760 பேர். முந்தைய ஆண்டு அதே மாதங்களில் 1,12,270 பேர். நோய் ஒன்றும் பாதியாகக் குறையவில்லை. நோயாளிகள் வீட்டில் இருந்தார்கள்.

கட்டி மார்புக்குள் இருக்கும்வரை அதை அகற்றினால் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள். அக்குளில் நெறி கட்டிவிட்டால் கீமோ, கரண்டு (கதிர்வீச்சு) என்று வைத்தியம் நீளும். எலும்பு, நுரையீரல், ஈரல் என்று பரவிய பிறகு முழுதாகக் குணமாக்குவது அரிது. தாமதம் என்பது இந்தப் படிகளில் ஒவ்வொன்றாக இறங்குவது.

எவ்வளவு தாமதம் எவ்வளவு கெடுதல்? 2020-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வுத் தொகுப்பின்படி, மார்பக அறுவை சிகிச்சை நான்கு வாரம் தள்ளிப்போனால் இறப்பு வாய்ப்பு சுமார் 8 சதவீதம் கூடுகிறது. பன்னிரண்டு வாரமானால் 26. இதை நூற்றில் 26 பேர் கூடுதலாக இறப்பார்கள் என்று படித்து மிரள வேண்டாம். பத்துப் பேர் இறந்திருக்கக்கூடிய இடத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று பேர் என்று பொருள். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: இந்தக் கணக்கு நோய் தெரிந்த பிறகு காத்திருந்த நாட்களுக்கானது. கட்டியைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு திரிந்த மாதங்களை எந்தப் பதிவேடும் எண்ணுவதில்லை. மலைக் கிராமங்களில் அந்த மாதங்கள்தான் நீளம் என்பது என் எண்ணம். அதற்குக் கொரோனாவே தேவையில்லை.

கட்டியைச் சீக்கிரம் கண்டுபிடிக்க மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) இயந்திரத்தை மலையேற்ற வேண்டும் என்றில்லை. மும்பையில் 1998-ல் தொடங்கி, ஒன்றரை லட்சம் பெண்களை இருபதாண்டு தொடர்ந்து கவனித்த டாடா நினைவு மருத்துவமனை ஆய்வில் பயன்பட்டவை பயிற்சி பெற்ற பெண் பணியாளர்களின் கைகள்தான். இரண்டாண்டுக்கு ஒருமுறை மார்பைத் தடவிப் பார்த்தார்கள். நோய் முற்றுமுன் பிடிபட்டது. ஐம்பது வயது தாண்டியவர்களில் மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. இளையவர்களிடம் அப்படியொரு குறைவு தெரியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

முப்பது வயது தாண்டிய பெண்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தக் கைப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளலாம். புதிதாகக் கட்டி, காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து ரத்தம், தோலில் குழிவு, அக்குளில் நெறி, இவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த முறைக்கு என்று வைக்காமல் அந்த வாரமே நர்ஸம்மாவிடம் காட்ட வேண்டும். பெரும்பாலான கட்டிகள் புற்று அல்ல. ஆனால் எது புற்று, எது இல்லை என்று ஸ்கேனும் ஊசி குத்தி எடுக்கும் சதைப் பரிசோதனையும்தான் சொல்லும்.