பெற்றவளுக்கும் ஒரு துணை வேண்டும்

தத்தெடுத்தல் என்றதும் பிள்ளையில்லாத தம்பதியரின் ஏக்கத்தைப் பற்றிப் பேசுகிறோம். குழந்தைக்குக் கிடைக்கப்போகும் நல்வாழ்வைப் பற்றிப் பேசுகிறோம். பெற்றுக் கொடுக்கும் பெண்ணைப் பற்றிய பேச்சு மட்டும் எழுவதே இல்லை. அமெரிக்க யூத சமூகத்தில் எதிர்பாராமல் கருவுற்று, பிறக்கும் பிள்ளையைத் தத்துக் கொடுக்கலாமா என்று தவிக்கும் ஒரு பெண்ணுக்கு உண்மையில் என்ன தேவை? பண உதவி தேவைதான். அதைவிட, அவளை அவசரப்படுத்தாத ஓர் ஆள் அருகில் இருப்பது தேவை.

அவளை முதலில் வாட்டுவது பயம். சமயக் கட்டுப்பாடு மிக்க குடும்பங்களில் திருமணங்கள் பெரியவர்கள் விசாரித்துப் பேசி முடிப்பவை. அக்காளின் செய்தி வெளியே தெரிந்தால் தங்கைக்கு வரும் வரன் தட்டிப்போகுமே என்ற கவலை அங்கே உண்டு. நம்மவருக்கு இது விளங்காத கவலையல்ல.

அந்தப் பயத்தில் ஒரு பகுதி தவறான புரிதலால் வருவது. 'மாம்சேர்' என்றொரு நிலை யூதச் சமயச் சட்டத்தில் இருக்கிறது. அந்நிலையில் பிறந்தவர் மற்ற யூதர்களை மணக்க முடியாது. மணமாகாத பெண்ணின் பிள்ளை எல்லாமே மாம்சேர்தான் என்று நினைத்துக் கலங்குவோர் உண்டு. அது சரியன்று. மணமான பெண் பிற ஆடவரிடம் பெற்ற பிள்ளைக்கும், மணக்கக் கூடாத நெருங்கிய இரத்த உறவில் பிறந்த பிள்ளைக்குமே அந்த நிலை பொருந்தும். மணமாகாமல் பெற்றதாலேயே ஒரு குழந்தைக்கு அந்தக் களங்கம் ஒட்டுவதில்லை. விவரம் அறிந்த ஒரு ராபி, அதாவது யூத சமய குரு, ஐந்து நிமிடத்தில் இதைச் சொல்லிவிடுவார். அந்த ஐந்து நிமிடம் கிடைக்காமல் மாதக்கணக்கில் அழும் பெண்ணை நினைத்துப் பாருங்கள்.

அடுத்து, பிள்ளையின் சமயம். பாரம்பரியச் சட்டப்படி யூதத் தாயின் பிள்ளை யூதர். வேற்றுச் சமயத்தார் வளர்த்தாலும் அது மாறாது; ஆனால் அந்தப் பிள்ளைக்கே அது தெரியாமல் போகலாம். எனவே யூதக் குடும்பமே வேண்டும் என்று பல தாய்மார்கள் கேட்பது இயல்பு. யூதக் குழந்தைகளுக்கு யூத இல்லம் தேடித் தர 1990ஆம் ஆண்டு டென்வர் நகரில் ஒரு தத்தெடுப்பு அமைப்பு தொடங்கப்பட்டதும் இதற்காகத்தான். கருவுற்ற யூதப் பெண்களுக்கு மனநல ஆலோசனையும் பொருளுதவியும் தரும் 'இன் ஷிஃப்ராஸ் ஆர்ம்ஸ்' என்ற அமைப்பும் இருக்கிறது. எகிப்தில் பாரவோனின் கட்டளையை மீறி எபிரேயக் குழந்தைகளைக் காத்த மருத்துவச்சியின் பெயர் அது. தமிழ் பைபிளில் சிப்பிராள்.

பழைய காலத்தில் உதவி இல்லாமல் இல்லை. 1916ஆம் ஆண்டு நியூயார்க்கில் லூயிஸ் வைஸ் அம்மையார் தொடங்கிய தத்தெடுப்புப் பணி, பின்னர் அவர் பெயரிலேயே யூதர்களிடையே புகழ்பெற்ற நிறுவனமாக வளர்ந்தது. ஆனால் அந்த உதவியோடு இரகசியமும் சேர்ந்தே வந்தது. பெண்ணை ஊராரின் கண்ணில் படாமல் வைத்திருந்து, பிரசவம் முடிந்ததும் வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பி, எல்லாவற்றையும் மறந்துவிடு என்று சொல்வதே அந்தக் காலத்து வழக்கம். 1961இல் பிறந்த மூன்று சகோதரர்களை இந்த நிறுவனம் மூன்று வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. வளர்த்தவர்களிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை. 1980இல் மூவரும் தற்செயலாக ஒருவரையொருவர் கண்டுகொண்டனர். 2018இல் வெளிவந்த 'திரீ ஐடென்டிகல் ஸ்டிரேஞ்சர்ஸ்' என்ற ஆவணப்படம் இக்கதையைச் சொல்கிறது. நிறுவனம் 2004இல் மூடப்பட்டது.

இரகசியத்தை யூதச் சட்டமே விரும்பாததற்குக் காரணம் உண்டு. வளர்ப்பவரைத் தல்மூத் மிக உயர்வாகப் பேசுகிறது. அனாதையை வீட்டில் வைத்து வளர்த்தவர் பெற்றவருக்குச் சமம் என்பது அதன் கருத்து. ஆயினும் பிறந்த வழி அழிவதில்லை. ஆரோன் வழிவந்த கோஹென் என்ற குருமார் மரபு பெற்ற தந்தையிடமிருந்தே வரும், வளர்த்தவரிடமிருந்து வராது. தவிர, பிறப்பு மறைக்கப்பட்டால் உடன்பிறந்தவர்களே தெரியாமல் மணந்துகொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. ஆகவே பெற்றோர் விவரம் ஓரிடத்தில் பதிவாகியிருக்க வேண்டும்.

இனி நாள் கணக்கு. ஆண் குழந்தை நலமாக இருந்தால் எட்டாம் நாளில் விருத்தசேதனம் செய்ய வேண்டும். அது தந்தையின் கடமை. தந்தை இல்லையென்றால் சமூகத்தின் பொறுப்பு. தாய் இன்னும் முடிவெடுக்கவில்லை என்றாலும் சடங்கைச் செய்யலாம். ஆனால் எட்டு நாளுக்குள் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும் என்று யாரும் அவளை நெருக்கக் கூடாது. சடங்கு வேறு, சட்டம் வேறு.

பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களில் பிரசவத்துக்கு முன் தாய் தரும் ஒப்புதல் செல்லாது. நியூயார்க்கில் நீதிபதி முன் கொடுத்தால், மனம் மாறினாலும் திரும்பப் பெற இயலாது. நீதிமன்றத்துக்கு வெளியே கையெழுத்திட்டால் 45 நாள் அவகாசம் உண்டு. ஆனால் வளர்ப்புப் பெற்றோர் எதிர்த்தால் குழந்தை தானாகத் திரும்பி வந்துவிடாது. அதற்கு எது நன்மை என்று நீதிமன்றம் விசாரிக்கும். தத்தெடுப்பவரின் வக்கீல் இதையெல்லாம் விளக்குவார் என்று நம்பியிருப்பது விவேகமன்று. அவளுக்கென்று தனி வக்கீல் வேண்டும். அதே போல் தானே வளர்ப்பது, தத்துக் கொடுப்பது, கருவைக் கலைப்பது என எல்லா வழிகளையும் ஒளிக்காமல் முன்வைப்பவரே நல்ல ஆலோசகர். பதில் முன்பே முடிவாகிவிட்ட இடத்தில் ஆலோசனை என்பது பெயருக்குத்தான்.

மோசேயின் தாய் யோகெபேத் பிள்ளையைக் கூடையில் வைத்து நைல் நதி ஓரத்தில் விட்ட கதையை யூதப் பெண்கள் சிறுவயதிலேயே கேட்டிருப்பார்கள். நம் குந்தியும் கர்ணனை ஆற்றில்தான் விட்டாள். ஆனால் யோகெபேத்துக்குக் கிடைத்தது குந்திக்குக் கிடைக்கவில்லை. மகள் மிரியாம் கரையில் நின்று, யார் எடுக்கிறார் என்று பார்த்தாள், அரசகுமாரியிடம் பேசினாள். பெற்றவளே செவிலித்தாயாகப் போய்ப் பாலூட்டினாள். இன்றைய 'திறந்த தத்தெடுப்பு' ஏறத்தாழ இதுவே. குடும்பத்தைத் தாயே தேர்ந்தெடுக்கிறாள். கடிதம், புகைப்படம், சில வேளைகளில் சந்திப்பு என உறவு தொடர்கிறது. அந்த வாக்குறுதி சட்டப்படி எவ்வளவு செல்லும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

கையெழுத்தோடு உதவியும் நின்றுவிடுவதுதான் பல இடங்களில் குறை. பிள்ளை கையில் இல்லாவிட்டாலும் மூன்றாம் நாள் வாக்கில் மார்பில் பால் கட்டும். துக்கம் விசாரிக்க எவரும் வரமாட்டார்கள், ஏனெனில் எவருக்கும் தெரியாது. அந்த வாரத்திலும், அடுத்த ஆண்டு அதே நாளிலும் தொலைபேசியில் அழைத்துப் பேச ஒருவர் இருக்க வேண்டும். யாருக்கும் தெரியாது என்று அவளுக்கு உறுதி கொடுப்பதும் இனி நடவாது. 2020 ஜனவரி முதல் நியூயார்க்கில் தத்துப்பிள்ளைகள் 18 வயதானதும் தங்கள் அசல் பிறப்புச் சான்றிதழைக் கேட்டுப் பெறலாம். என்றாவது ஒருநாள் கதவு தட்டப்படலாம் என்பதையும் கையெழுத்துக்கு முன்பே அவளிடம் சொல்லிவிட வேண்டும்.