குளிர்காலத்தைத் தாண்டிய தேனீக்கள் ஏப்ரலில் ஏன் சாகின்றன?

பிரிட்டனில் வீட்டுத் தோட்டத்திலேயே பொழுதுபோக்காகத் தேனீ வளர்ப்பவர்கள் பலர். ஜனவரிக் குளிரைவிட அவர்களுக்கு டென்ஷன் தருவது மார்ச், ஏப்ரல் மாதங்கள்தான்.

என்ன நடக்கிறது?

கொஞ்சம் வெயில் அடித்தாலே ராணித் தேனீ வேகமாக முட்டையிட ஆரம்பித்துவிடும். புழுக்கள் வளர, கூட்டின் நடுப்பகுதி 34-35 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்க வேண்டும். அதற்கான எரிபொருள், சேமித்து வைத்த தேன். அந்த நேரம் பார்த்து மழையும் குளிரும் திரும்பினால் சிக்கல். 10 டிகிரிக்குக் கீழே தேனீக்கள் பெரும்பாலும் பறக்காது. வரவு நின்றுவிடும்; செலவு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். வெளியே பூ பூத்திருக்கும்போதே, உள்ளே மொத்தக் கூட்டமும் பட்டினியால் செத்துப்போகும்.

எப்படிக் காப்பாற்றுவது?

குளிரில் பெட்டியைத் திறந்தால் சூடு போய்விடும். அதனால் ஒரு பக்கத்தை மட்டும் லேசாகத் தூக்கிப் பார்ப்பார்கள். கனமாக இருந்தால் ஓகே. கனம் குறைந்திருந்தால் உடனே தீனி வைக்க வேண்டும். குளிர் நாளில் கெட்டியான சர்க்கரைக் கட்டி. வெதுவெதுப்பான நாளில் 1 கிலோ சர்க்கரையை 1 லிட்டர் தண்ணீரில் கரைத்த பாகு.

வாசலில் நாலு தேனீ பறக்கிறதே என்று நம்பி விட்டுவிட்டால், அடுத்த வாரம் பெட்டி காலி!